மாவிலையிலிருந்து புரதம் எடுக்க

நான் முதன்முதலில் எடுத்த சாறு வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. வெள்ளவத்தை வீட்டு மாமரத்தில் காலையில் ஆய்ந்த இலையைப் பையில் போட்டு, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் கொண்டுபோய், ஆறுதலாக அரைத்ததன் பலன் அது. இலை கசங்கினால் கலத்துக்குள் தனித்தனியே இருந்த பொலிபீனோலும் (இலையின் துவர்ப்புப் பொருள்) அதை ஒட்சியேற்றும் நொதியமும் சந்தித்துவிடும். ஒட்சியேறிய பொலிபீனோல் புரதத்தில் ஒட்டினால் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

ஆகவே மரத்தடியிலேயே ஐஸ் பெட்டி வேண்டும். முற்றிய இலை வேண்டாம், நார்தான் மிஞ்சும். நடுநரம்பைக் கிள்ளிவிட்டு, ஈயத்தாளில் சுற்றி ஐசுக்குள் புதையுங்கள்.

அரைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பீங்கான் உரலைத் திரவ நைதரசன் ஊற்றிக் குளிரவையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் கட்டாயம். 1 கிராம் இலையோடு 0.1 கிராம் பிவிபிபி (PVPP) என்ற, நீரில் கரையாத பல்பகுதியத் தூள் சேருங்கள், அது பொலிபீனோலைப் பிடித்துக்கொள்ளும். கொழும்புப் புழுக்கத்தில் உரலின் விளிம்பில் உடனே உறைபனி பிடிக்கும். இலைத்தூள் ஈரமாகிக் கட்டிபடத் தொடங்கினால் தாமதிக்காமல் இன்னும் நைதரசன் ஊற்றுங்கள். அரிசிமா போல நைசாகும்வரை கையை எடுக்காதீர்கள். நைதரசன் முழுதும் ஆவியாகுமுன் குழாயை மூடினால் வெடிக்கும்.

அப்புறம், தூளை 10 மில்லிலீற்றர் குளிர்ந்த அசற்றோனில் போடுங்கள். அதில் 10% ட்ரைகுளோரோஅசற்றிக் அமிலமும் 0.07% மேர்கப்ரோஎதனோலும் கலந்திருக்க வேண்டும். முதலாவது தோலைச் சுடும், மற்றதன் நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைப்பெட்டிக்குள்ளேயே வேலை செய்யுங்கள். -20 பாகையில் ஒரு மணித்தியாலமாவது வைத்து, 4 பாகையில் 15,000 ஜி (புவியீர்ப்பின் 15,000 மடங்கு) விசையில் 20 நிமிடம் மையநீக்கியில் சுழற்றுங்கள். புரதம் அடியில் படிந்திருக்கும்; அந்த வீழ்படிவை அமிலமில்லாத குளிர் அசற்றோனால் பச்சை போகும்வரை கழுவுங்கள். எனக்கு மூன்று முறை, சில நாள் நான்கு.

காயவைக்கும்போது பொறுமை கெட்டது நானேதான்: ஒருமுறை மொறுமொறுவென்று காயவிட்டேன், எதிலும் கரையவில்லை. அசற்றோன் வாசம் போனால் போதும். 7 மோலார் யூரியா, 2 மோலார் தையோயூரியா, 4% சாப்ஸ் (CHAPS, சவர்க்காரம் போன்ற பொருள்) உள்ள கரைசலில் கரையுங்கள். சூடாக்க வேண்டாம், யூரியா புரதத்தையே மாற்றிவிடும்.

நொதியத்தின் செயற்பாட்டை அளக்கப் போகிறவர்களுக்கு இந்த வழி சரிவராது, அமிலம் அதைக் கொன்றுவிடும்.

புரதத்தின் அளவு பார்க்க, புரதத்தோடு சேர்ந்தால் நீலமாகும் பிராட்போர்ட் சாயத்தைச் சேர்த்து, 595 நனோமீற்றர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவுங்கள். ஒப்பிட எடுக்கும், அளவு தெரிந்த நியமப் புரதத்தையும் அதே யூரியாக் கரைசலில்தான் கரைக்க வேண்டும். மிச்சத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து -80 பாகையில் வையுங்கள்.