தட்டில் கொழுப்புச் செல் வளர்த்து, பிபிஏஆர்-காமா வேலை செய்வதைக் காண்பது எப்படி?

உட்கரு ஏற்பிகளைப் பற்றி, அதாவது ஹார்மோனோ மருந்தோ ஒட்டியதும் மரபணுக்களை இயக்கும் புரதங்களைப் பற்றிக் கேட்டால் (கொழுப்புச் செல் உருவாவதை நடத்தும் பிபிஏஆர்-காமா அவற்றில் ஒன்று), எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் கரும்பலகையில் அம்புக்குறிகளோடு பிரமாதமாக விளக்குவார்கள். தட்டில் செய்து காட்டச் சொன்னால் விழிப்பார்கள். அவர்கள் கையில் நான் முதலில் கொடுப்பது 3டி3-எல்1. சுண்டெலிக் கருவிலிருந்து பெற்ற செல்களில், 1970களில் ஹோவர்ட் கிரீன் குழுவினர் தேர்ந்தெடுத்த வகை இது. உரிய மருந்துகளைக் கொடுத்தால் பத்து நாட்களுக்குள் கொழுப்புச் செல்லாக மாறிவிடும்.

பெருக்கும் காலத்தில் 10 சதவீதம் கன்றுக்குட்டி சீரம் கலந்த டிஎம்இஎம் என்ற வளர்ப்பு ஊடகம் போதும். ஃபிளாஸ்கில் முக்கால் பங்குக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். ஒருமுறை நெருக்கியடித்து நின்ற செல்களைப் பிரித்து வளர்த்தால் உயிரோடிருக்கும், பெருகும். ஆனால் கொழுப்புச் சேர்க்க மறுக்கும். பாதித் தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன என்பேன்.

ஆறு குழித் தட்டில் விதைத்து, தரை முழுக்க நிரம்பிய பிறகும் இரண்டு நாள் பொறுங்கள். அதுதான் பூஜ்ஜிய நாள். ஊடகத்தை எஃப்பிஎஸ் (கன்றின் கருவிலிருந்து எடுத்த சீரம்) கலந்ததாக மாற்றி ஐபிஎம்எக்ஸ் (செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞையைக் கூட்டும் மருந்து) 0.5 மில்லிமோலார், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1 மைக்ரோமோலார், இன்சுலின் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் சேருங்கள். டெக்சாமெத்தசோன் பற்றுவதும் ஓர் உட்கரு ஏற்பியைத்தான், குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியை. இந்த மருந்துகள் எழுப்பிவிடும், மரபணுக்களை இயக்கவல்ல சி/ஈபிபி புரதங்கள் பிபிஏஆர்-காமா மரபணுவை இயக்குகின்றன. 48 மணி நேரம் கழித்து இன்சுலின் மட்டும். நான்காம் நாளிலிருந்து வெறும் ஊடகம்.

சோதனையின் உயிர் குழிகளைப் பிரிப்பதில் இருக்கிறது. முதல் குழிக்கு மருந்தில்லை. இரண்டாவதற்கு மூன்று மருந்துகள். மூன்றாவதற்கு அவற்றோடு, பிபிஏஆர்-காமாவைத் தூண்டும் ரோசிக்ளிட்டசோன் 1 மைக்ரோமோலார். நான்காவதற்கு, ரோசிக்ளிட்டசோனுக்குப் பதில் பிபிஏஆர்-காமாவைத் தடுக்கும் ஜிடபிள்யூ9662, 10 மைக்ரோமோலார். ஊடகம் மாற்றும்போதெல்லாம் இவ்விரண்டையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ (மருந்துகளைக் கரைக்கும் திரவம்) அளவு ஒன்றாக இருக்கட்டும்.

காரணம் இது. பிபிஏஆர்-காமா, ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னோர் உட்கரு ஏற்பியுடன் ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் அமர்கிறது. லைகண்ட் (ஏற்பியில் ஒட்டி அதை இயக்கும் மூலக்கூறு) இல்லாதபோது என்கோர், ஸ்மார்ட் ஆகிய இணை ஒடுக்கிகள், அதாவது மரபணுவை அடக்க உதவும் புரதங்கள், அதைப் பற்றிக்கொண்டு எச்டிஏசி3 நொதியை வரவழைக்கின்றன. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் அசிட்டைல் குழுக்கள் நீங்கி மரபணு அடங்கிக் கிடக்கிறது. ரோசிக்ளிட்டசோன் நுழைந்ததும் ஏற்பியின் 12ஆம் ஹீலிக்ஸ் (சுருள் வடிவப் பகுதி) மூடியைப்போல மடங்கும். ஒடுக்கிகள் விலக, எஸ்ஆர்சி-1, சிபிபி, மெட்1 போன்ற இணைச் செயலூக்கிகள், அதாவது மரபணுவை இயக்க உதவும் புரதங்கள், அங்கே ஒட்டும். ஜிடபிள்யூ9662, லைகண்ட் நுழையும் அதே பைக்குள் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு நிரந்தரமாகப் பிணைந்து வழியை அடைக்கும்.

எட்டாம் நாள் நுண்ணோக்கியில் பாருங்கள். மெலிந்து நீண்டிருந்த செல்கள் உருண்டு, உள்ளே ஒளி சிதறும் துளிகள் திரண்டிருக்கும். கொழுப்பு நிரம்பிய செல்கள் எளிதில் பெயர்ந்து போகும். ஆகவே பிப்பெட்டிலிருந்து திரவத்தைக் குழியின் சுவரில் மெல்ல விடுங்கள். நிலைநிறுத்த 10 சதவீத ஃபார்மலின். மெத்தனால் கொழுப்பைக் கரைத்துவிடும், தொடாதீர்கள். கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயத்தை ஐசோபுரோப்பனாலில் கரைத்தது ஆறு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, பத்து நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். சோம்பல்பட்டு வடிகட்டாதவர்கள் சாயப் படிகங்களைக் கொழுப்பென்று எண்ணி மகிழ்வார்கள்.

இந்தச் சிவப்பு, துணைக்காரணிகளை (மேலே சொன்ன இணை ஒடுக்கிகளையும் இணைச் செயலூக்கிகளையும்) பற்றி எதுவும் சொல்லாது. மீதமுள்ள இரண்டு குழிகள் அதற்குத்தான்: ஒன்றில் என்கோர் உருவாவதைக் குறைக்கும் சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏ, மற்றதில் எதையும் குறிவைக்காத ஆர்என்ஏ. முதிர்ந்த கொழுப்புச் செல்லுக்குள் இதைப் புகுத்துவது கடினம், ஆகவே பூஜ்ஜிய நாளுக்கு முன்பே கொடுங்கள். பிறகு இரண்டுக்கும் இரண்டாம் குழியின் மருந்துகளே. என்கோர், ஸ்மார்ட் குறைந்த 3டி3-எல்1 செல்களில் கொழுப்பு கூடுதலாகச் சேர்வது 2005இல் வெளியான முடிவு. மெட்1 இல்லாத சுண்டெலிச் செல்களில் பிபிஏஆர்-காமாவைத் திணித்தும் கொழுப்புச் செல் உருவாகவில்லை என்பது 2002இல் வந்தது.

பிபிஏஆர்-காமா நேரடியாக இயக்கும் எஃப்ஏபிபி4 என்ற கொழுப்புச் செல் மரபணுவின் ஆர்என்ஏவையும் அளந்தால்தான் முடிவு நிற்கும். சாயமேற்றிய குழியிலிருந்து நல்ல ஆர்என்ஏ எடுக்க முடியாது என்பதால், விதைக்கும் நாளிலேயே இரண்டு தட்டுகளாக விதைத்துவிடுங்கள்.