ராம்சார் பட்டியல் என் தலையில் நின்ற விதம்

யூபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் இரண்டு முறை என் காலை வாரியது சுற்றுச்சூழல் பகுதிதான். ராம்சார் தலங்களை, அதாவது ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள முக்கிய ஈரநிலங்களை, வரிசையாக மனப்பாடம் செய்வேன், வினாத்தாளைப் பார்த்ததும் லோக்தாக் ஏரி மணிப்பூரா அசாமா என்றே குழம்பிவிடும். அப்புறம் பட்டியலை ஓரம்கட்டிவிட்டு, இந்திய வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒவ்வோர் ஈரநிலத்தையும் பென்சிலால் குறித்து, பக்கத்திலேயே அதன் கதையையும் எழுதினேன்: ஒடிசாவின் சிலிகா ஏரி 1981இல் ராம்சாரில் சேர்ந்தது, வண்டல் படிந்து சீரழிந்ததால் 1993இல், ஆபத்தில் இருக்கும் ராம்சார் தலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் ஏறியது, 2000இல் கடலுக்குப் புது முகத்துவாரம் வெட்டி உப்புத்தன்மை மீண்டதும் 2002இல் வெளியே வந்தது. காரணம் தெரிந்துவிட்டால் ஆண்டு தானாக ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்று, பழைய குறிப்புகளை அப்படியே நம்பாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறு அட்டவணைகள் 2022 திருத்தத்தில் நான்காகிவிட்டன, என் நோட்டில் ஆறுதான் இருந்தது.