பழைய ஆண்ட்ராய்டு போனில் தளம் திறக்கவில்லையா? பிழைக் குறியீட்டைப் படியுங்கள்

சம்பா அறுவடை நெருங்கினால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பரணில் கிடக்கும் போன்கள் மறுபடி கைக்கு வரும். கொள்முதல் பதிவு, மழை நிலவரம், மேட்டூர் நீர்மட்டம் பார்க்க வேண்டும், தளமோ திறக்காது. போன் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

குரோம் காட்டும் எச்சரிக்கைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதில் 'டேட் இன்வேலிட்' என்றிருந்தால் கோளாறு பெரும்பாலும் போனின் தேதியில்தான். பேட்டரி இறங்கிக் கிடந்த போனில் ஆண்டு பின்னுக்குப் போயிருக்கும். தானியங்கித் தேதியைப் போடுங்கள். மாறாவிட்டால் கையால் திருத்துங்கள்.

'அத்தாரிட்டி இன்வேலிட்' என்றால் விஷயம் வேறு. ஆண்ட்ராய்டு 5-க்கு குரோம் 95-வது பதிப்போடும், 6-க்கு 106-வது பதிப்போடும் நின்றுவிட்டது. இந்தப் பதிப்புகள், எந்தத் தளத்தை நம்பலாம் என்று சரிபார்க்க, போனுக்குள் இருக்கும் மூலச் சான்றிதழ்களையே நம்புகின்றன. தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழான 'ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1' அந்தப் பட்டியலில் இல்லை. அந்த அமைப்பின் இலவசச் சான்றிதழில் ஓடும் தளங்கள் ஏராளம். பழைய போன்களுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-இல் காலாவதியானது.

அந்த 'ரூட் எக்ஸ்1' சான்றிதழை நாமே போட்டுக்கொள்ளலாம். வேறு போனில், லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைத் தொடவே கூடாது: தவறான சான்றிதழைப் போட்டால், அதை உருவாக்கியவர் உங்கள் இணையப் போக்குவரத்தை இடைமறித்துப் படிக்க வழி திறந்துவிடும். சுயகையொப்பமிட்ட ('செல்ஃப் சைன்ட்') பிரதியை எடுங்கள், வேறொரு அமைப்பு குறுக்குக் கையொப்பமிட்டதை ('கிராஸ் சைன்ட்') அல்ல. ப்ளூடூத் இவ்வகைக் கோப்பை மறுக்கக்கூடும். மெமரி கார்டில் நகர்த்துங்கள். கோப்பு கண்ணில் படாவிட்டால் பெயரின் கடைசியை 'சி.ஆர்.டி.' என்று மாற்றுங்கள்.

பிறகு செட்டிங்ஸ், செக்யூரிட்டி, 'இன்ஸ்டால் ஃப்ரம் ஸ்டோரேஜ்' (சில போன்களில் 'எஸ்டி கார்டு'). பயன்பாட்டில் 'விபிஎன் அண்ட் ஆப்ஸ்' தேர்ந்தெடுங்கள். திரைப்பூட்டு இல்லையென்றால் பின் அல்லது பேட்டர்ன் வைக்கச் சொல்லும். பின்னாளில் அந்தப் பூட்டை எடுக்க வேண்டுமானால் சான்றிதழையும் அழிக்கச் சொல்லும், ஆகவே பூட்டு இருக்கட்டும். 'நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்ற அறிவிப்பு வரும். நீங்களே சான்றிதழ் சேர்த்ததால் வருவது அது. இந்தச் சான்றிதழ் 2035 ஜூன் வரை செல்லும்.

இதோடு போன் பாதுகாப்பாகிவிடாது. ஆண்ட்ராய்டு 5, 6-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. வங்கி, யுபிஐ வேலையை இதில் வைக்காதீர்கள். ஆனால் ஆதாரோடு இணைத்த எண்ணின் சிம் இதிலேயே இருக்கலாம்: பி.எம். கிசான் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸில் வருவதால் அதற்கு இணையமே வேண்டாம்.