இத்தாலியச் சிவப்பு ஒயின்: லேபிளில் இருப்பது ஊரா, திராட்சையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் சொந்தத் திராட்சை ரகங்களைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி கடை அலமாரியிலேயே தொடங்கிவிடுகிறது. சில பாட்டில்களில் திராட்சையின் பெயர் இருக்கும், சிலவற்றில் ஊரின் பெயர் மட்டும் இருக்கும், வேறு சிலவற்றில் இரண்டும் சேர்ந்திருக்கும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே வருகின்றன.

மோன்டெபுல்ச்சானோவில் ஏமாறாதவர்கள் குறைவு. டஸ்கனியில் சியனா மாகாணத்து மலையூர் ஒன்றின் பெயர் அது. கறுப்புத் திராட்சை ரகம் ஒன்றுக்கும் அதே பெயர். அந்த ரகம் விளைவதோ ஏட்ரியாட்டிக் கடல் பக்கமுள்ள அப்ருஸ்ஸோ, மார்க்கே பகுதிகளில். ‘வினோ நோபிலே தி மோன்டெபுல்ச்சானோ’ என்று இருந்தால் அது அந்த ஊரின் ஒயின். அதில் குறைந்தது 70 சதவீதம் சாஞ்சோவேசே என்ற திராட்சை இருக்க வேண்டும். ‘மோன்டெபுல்ச்சானோ தாப்ருஸ்ஸோ’ என்று இருந்தால் அந்த ரகமே குறைந்தது 85 சதவீதம். முன்னதில் புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும், நிறம் நடுத்தரச் சிவப்பு. பின்னது கருஊதா நிறம், வாயில் மென்மை, பழச்சுவை அதிகம். ஒன்றைக் குடித்துப் பிடித்துப்போய் மற்றதை வாங்கினால் ஏமாற்றம்தான். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் வினோ நோபிலே பாட்டில்களில் இப்போது டஸ்கனியின் பெயரையும் சேர்த்து அச்சிடுகிறார்கள்.

செரசுவோலோவிலும் இதே சிக்கல் உண்டு. ‘செரசுவோலோ தாப்ருஸ்ஸோ’ என்பது மோன்டெபுல்ச்சானோ ரகத்தில் செய்யும் ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். ‘செரசுவோலோ தி வித்தோரியா’ சிசிலியின் சிவப்பு ஒயின். அதில் 50 முதல் 70 சதவீதம் நேரோ தாவொலா திராட்சை, மீதி ஃப்ரப்பாத்தோ திராட்சை.

பார்பேரா தாஸ்தி, டோல்செட்டோ தால்பா போன்ற பெயர்களில் முன்னால் இருப்பது திராட்சை, பின்னால் இருப்பது ஊர். பரோலோ, பார்பரெஸ்கோ, தவுராசி, கியான்டி என்று தனியாக நிற்பவை இடப்பெயர்கள். அவற்றில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் லேபிளின் முன்பக்கத்தில் இருக்காது, தெரிந்து வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். பரோலோவும் பார்பரெஸ்கோவும் 100 சதவீதம் நெப்பியோலோ. தவுராசியில் குறைந்தது 85 சதவீதம் அல்யானிக்கோ.

ஒரே திராட்சைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருப்பதால் வரும் தவறு இன்னொன்று. மொன்டால்ச்சினோவில் புருனெல்லோ, மோன்டெபுல்ச்சானோவில் ப்ருஞோலோ ஜென்டிலே, ஸ்கான்சானோவில் மோரெல்லினோ என்று சொல்வதெல்லாம் சாஞ்சோவேசேதான். நெப்பியோலோவுக்கு கட்டினாரா, கெம்மே பக்கம் ஸ்பன்னா என்று பெயர், வல்தெல்லினாவில் கியவென்னாஸ்கா. இவற்றைத் தனித்தனி ரகங்களாக எண்ணி ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், மண்ணும் உயரமும் என்ன மாற்றம் செய்கின்றன என்பது கண்ணில் படாமலே போய்விடும். இத்தாலிய ஒயினைத் தேடிக் குடிப்பதன் சுவையே அங்கேதான் இருக்கிறது.

நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

‘கருமையாக இருந்தால் கெட்டி, வெளிறியிருந்தால் லேசு’ என்ற கணக்கு நெப்பியோலோவிடம் செல்லாது. ஐந்தாறு வயதுள்ள பரோலோவைக் கிளாஸில் ஊற்றி, வெள்ளைக் காகிதத்துக்கு மேலே சாய்த்துப் பாருங்கள். நடுவில் மாதுளைச் சிவப்பு இருக்கும், அதன் வழியே காகிதத்திலுள்ள எழுத்தைப் படித்துவிடலாம். விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும். இதைப் பார்த்து ‘பழசாகிக் கெட்டுவிட்டது’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. நெப்பியோலோவின் தோலில் நிறம் தரும் அந்தோசயனின்களில், எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் வகை அதிகம். நிறம் சீக்கிரம் மங்கினாலும் துவர்ப்பைத் தரும் டானின் குறையாது. இளம் பரோலோவை ஒரு வாய் குடித்தால் பாக்கு மென்றதுபோல் ஈறு இழுத்துப் பிடிக்கும்.

உண்மையில் கெட்டதா என்று அறிய மூக்கைத்தான் நம்ப வேண்டும். காய்ந்த ரோஜா, செர்ரி, தார் வாசனை வந்தால் நெப்பியோலோ நல்ல நிலையில் இருக்கிறது. அடிபட்ட ஆப்பிள் அல்லது வினிகர் வாசனை வந்தால் காற்றுப் புகுந்து கெட்டிருக்கிறது. ஈரமான அட்டைப்பெட்டி வாசனை என்றால் கார்க்கில் கோளாறு. எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மாஸ்கலேசேவும் வெளிறிய நிறம்தான், அதையும் நிறத்தை வைத்து எடைபோடக் கூடாது. பார்பேரா நேர் எதிர். நிறம் கருஞ்சிவப்பு, புளிப்பு தூக்கல், டானின் மிகக் குறைவு.

எதைக் காக்க வைப்பது, எதை உடனே குடிப்பது

டானினும் அமிலமும் ஒன்றாக அதிகம் இருக்கும் நெப்பியோலோ, அல்யானிக்கோ, உம்ப்ரியாவின் சாக்ரன்டீனோ மூன்றும் பொறுமை கேட்கும் ரகங்கள். சட்டமே இவற்றுக்குக் காத்திருக்கும் காலம் வைத்திருக்கிறது: பரோலோவுக்கு 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், தவுராசிக்கு 3 ஆண்டு. இது கடைக்கு வருவதற்கான குறைந்தபட்சம் மட்டுமே. அந்தக் காலம் முடிந்துவிட்டதால் குடிக்கத் தயார் என்று எடுத்துக்கொள்வது தவறு. நல்ல ஆண்டின் பரோலோ பத்து வருடத்துக்குப் பிறகே இறுக்கம் தளர்த்தும். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் லாங்கே நெப்பியோலோ வாங்கலாம். அதே ரகம், விலை குறைவு, மூன்று நான்கு வருடத்திலேயே இதமாக இருக்கும்.

இதற்கு மறுபக்கத் தவறும் நடக்கிறது. டோல்செட்டோவையும் சாதாரண வால்போலிச்செல்லாவையும் பத்திரப்படுத்தி வைத்து, பழ வாசனை போன பிறகு திறப்பார்கள். இவற்றை அறுவடையிலிருந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். டோல்செட்டோ பெயரைப் பார்த்து இனிப்பு ஒயின் என்று வாங்குவோரும் உண்டு. அது இனிப்பே இல்லாத ஒயின்.

காற்றுப் படுவதற்காக டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். இளம் பரோலோவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் காற்றுப் படவிடலாம். இருபது வயதைத் தாண்டிய பாட்டிலுக்கு அப்படிச் செய்தால் மெல்லிய வாசனைகள் மேசைக்கு வருமுன் போய்விடும். அதை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் மண்டி படிந்த பிறகு திறந்து, ஆட்டாமல் நேராகக் கிளாஸில் ஊற்றுங்கள். கடைசி இரண்டு விரல் உயரத்தை விட்டுவிடலாம்.

அமரோனேவைப் புரிந்துகொள்ளாமல் வாங்குவது

வெரோனா பக்கத்துக் கொர்வீனா, கொர்வினோனே, ரொண்டினெல்லா திராட்சைகளை நேராகப் பிழிந்தால் லேசான, செர்ரி வாசனையுள்ள வால்போலிச்செல்லா கிடைக்கும். அதே திராட்சையைக் காற்றோட்டமான கிடங்கில் தட்டுகளில் பரப்பி, மூன்று நான்கு மாதம் உலர்த்தினால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து சர்க்கரை செறிகிறது. அந்தச் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்து முடிந்தால் அமரோனே. நொதிப்பை நடுவில் நிறுத்தினால் இனிப்பான ரெச்சோட்டோ. அமரோனே பிழிந்த சக்கையில் வால்போலிச்செல்லாவை மறுபடி நொதிக்கவிட்டால் ரிபாஸ்ஸோ. இனிப்பு வேண்டி அமரோனே வாங்குவதும், லேசாக இருக்கும் என்று நினைத்துச் சாப்பாட்டுக்கு ரிபாஸ்ஸோ திறப்பதும் அடிக்கடி நடப்பவை. அமரோனேவில் ஆல்கஹால் குறைந்தது 14 சதவீதம், பல பாட்டில்களில் 15, 16 கூட இருக்கும். சிறிய அளவாக ஊற்றுங்கள்.

லாம்ப்ருஸ்கோ ஒரே ரகம் என்று நினைப்பது

அது ஒரு திராட்சைக் குடும்பம். சொர்பாரா வெளிர் நிறம், கூர்மையான புளிப்பு. க்ராஸ்பரோஸ்ஸா கருநிறம், கொஞ்சம் துவர்ப்பு. சலமீனோ இரண்டுக்கும் நடுவில். சொர்பாராவின் பூவில் மகரந்தம் வேலை செய்யாது. அதனால் தோட்டக்காரர்கள் அதன் வரிசைகளுக்கிடையே சலமீனோவை நட்டு மகரந்தம் கிடைக்கச் செய்கிறார்கள். மலிவான இனிப்பு லாம்ப்ருஸ்கோ ஒன்றைக் குடித்துவிட்டு முழுக் குடும்பத்தையும் ஒதுக்குவது பெரிய இழப்பு. ‘செக்கோ’ (இனிப்பில்லாதது) என்று எழுதியிருக்கும் சொர்பாராவைக் கொழுப்புள்ள இறைச்சியோடு குடித்துப் பார்த்தால் தெரியும்.

டி.ஓ.சி.ஜி. முத்திரையை அளவுக்கு மேல் நம்புவது

இத்தாலிய ஒயின் சட்டத்தின் மேல்தர முத்திரை அது; இடம், திராட்சை, குறைந்தபட்சக் காலம் ஆகியவற்றுக்குச் சட்டத்தின் உறுதி. பாட்டிலுக்குள் இருப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்கு அது உறுதி தராது. கியான்டி கிளாசிக்கோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே போக மீதியில் மெர்லோவும் கேபர்னேயும் சேர்க்கலாம். சொந்த ரகம் மட்டும் வேண்டும் என்றால் பின்பக்க லேபிளில் 100 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். டஸ்கனியின் சஸ்ஸிகாயா போன்ற விலை உயர்ந்த ஒயின்கள் பெரும்பாலும் கேபர்னே சோவின்யோன், அதாவது பிரெஞ்சு ரகம். புலியாவின் ப்ரிமிட்டீவோவும், கலிபோர்னியாவின் ஸின்ஃபான்டெலும், குரோஷியாவின் ட்ரிபித்ராக்கும் ஒரே ரகம் என்று மரபணு ஆய்வு காட்டியது. சார்டினியாவின் கன்னோனாவு, பிரான்ஸில் க்ரெனாஷ் என்று அழைக்கப்படுவதே.

வெப்பம்

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ குடிக்க வேண்டும் என்ற சொல், ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளுக்குப் பொருந்தியது. 30 டிகிரி வீட்டில் வைத்த பாட்டிலை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் குத்தும், பழ வாசனை மங்கும். பரோலோ, புருனெல்லோ, தவுராசிக்கு 16 முதல் 18 டிகிரி. பார்பேரா, டோல்செட்டோவுக்கு 14 முதல் 16. லாம்ப்ருஸ்கோவுக்கு 10 முதல் 14. பரோலோ, புருனெல்லோ, தவுராசியை அந்த அளவுக்குக் குளிரும் வரை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். அதற்குமேல் குளிரவிட்டால் டானின் கசப்பாகத் தெரியும், நெப்பியோலோவை அது மிகவும் கெடுக்கும். குளிர்ந்துவிட்டால் கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துச் சில நிமிடம் வைத்திருந்தாலே சரியாகிவிடும்.