கடலைத்தோல் அடுப்புல சாம்பல் கட்டி பிடிக்குதா? கயோலின் கலந்து பாருங்க

காரைக்குடி பக்கம் பலகார அடுப்புக்கு கடலைத்தோல் பெல்லட் (தோல் தூளை அழுத்தி செஞ்ச எரிபொருள் துண்டு) போடுறவங்களுக்கு இந்தத் தொல்லை நல்லாவே தெரியும், மனகோலத்துக்கு எண்ணெய் காயுற நேரம் பாத்து கீழ கிரேட் கம்பியில சாம்பல் உருகி கண்ணாடி மாதிரி கட்டியாகி காத்தை அடைச்சிரும். தோல்ல இருக்கற பொட்டாசியமும் அதுல ஒட்டின செம்மண்ணோட சிலிக்காவும் சேந்தா 800 டிகிரி பக்கமே இளக ஆரம்பிச்சிரும், அதான் காரணம்.

மொதல்ல தோலை நல்லா சலிங்க, இதை யாரும் விட்டுறாதீங்க, காசே இல்லாத வைத்தியம் இதுதான்.

அப்புறம் கயோலின், பீங்கான் செய்யற வெள்ளைக் களிமண். 100 கிலோ தோல் தூளுக்கு 2 கிலோன்னு ஆரம்பிங்க, பெல்லட் அடிக்கறதுக்கு முன்னாடியே கலக்கணும், எரியுற அடுப்புல மேல தூவினா சரியா சேராது. அதுல இருக்கற அலுமினாவும் சிலிக்காவும் பொட்டாசியத்தைப் பிடிச்சு 1500 டிகிரிக்கு மேலதான் உருகுற பொருளா மாத்திரும், சாம்பல் பொடியாவே உதிரும். ஆனா சாம்பல் அளவு கூடும், அடிக்கடி அள்ளணும், அதனால கட்டி நிக்கற அளவுக்கு மட்டும் போடுங்க.

வைக்கோல் பெல்லட்டா இருந்தா சுண்ணாம்புக்கல் தூளும் கைகொடுக்கும். மணல் மட்டும் வேணவே வேணாம், கட்டி இன்னும் மோசமாகும். கலக்கும்போது N95 மாதிரி தூசி மாஸ்க் போட்டுக்கங்க, ரொம்ப நைசான தூசி அது.