ஓய்வுக்காலக் கப்பல் பயணம்: பணம் கரையும் இடங்கள்

சென்ற மாதம் சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அண்மையில் பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார். காப்புறுதி எடுத்தாயிற்றா என்று கேட்டேன். “புறப்படுற வாரத்துல பாத்துக்கலாம் அண்ணே” என்றார். 2018ஆம் ஆண்டில் நான் என் மனைவியிடம் சொன்னதும் அதுவே. கடப்பிதழின் செல்லுபடியைப் பார்ப்பது, பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர்ப்பது போன்றவை அனைவரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விளம்பரத்தில் உள்ள கட்டணத்தையே செலவாகக் கொள்வது

அந்தக் கட்டணம் இருவர் ஓர் அறையைப் பகிரும்போது ஒருவருக்கு ஆவது. துணையின்றிச் செல்பவர் பல கப்பல்களில் ஏறத்தாழ இருவருக்கான தொகையைச் செலுத்த நேரிடும். இதற்கு மேல் துறைமுக வரியும் பணியாளர் சேவைக் கட்டணமும் உண்டு. பெரிய கப்பல்களில் சேவைக் கட்டணம் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர் என்பதால், ஏழு இரவுகளுக்குத் தம்பதியருக்கு 224 முதல் 280 டாலர் வரை ஆகும். சிங்கப்பூரின் மரினா பேயில் ஏறிப் பினாங்கு, புக்கெட் சென்று திரும்புபவருக்கு விமானச் செலவு இல்லை. அலாஸ்காவுக்குக் கனடாவின் வேன்கூவரில் கப்பலேறுபவரோ விமானம் தாமதமாகலாம் என்பதற்காக முந்திய இரவுக்கான விடுதிச் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும்.

காப்புறுதியைத் தள்ளிப்போடுவது

2018இல் வேன்கூவரிலிருந்து புறப்படும் ஏழு இரவுப் பயணத்துக்கு, இருவருக்குமாக 7,400 சிங்கப்பூர் வெள்ளியை மார்ச் மாதமே முழுமையாகக் கட்டியிருந்தோம். காப்புறுதி விண்ணப்பத்தை அச்செடுத்து, பெயர்களையும் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தேன். கப்பல் புறப்பட ஐந்து வாரம் இருந்தபோது, மீன் வாங்கச் சென்ற மனைவி ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஒப்பந்தப்படி கட்டணத்தில் முக்கால் பங்கு, அதாவது 5,550 வெள்ளி, திரும்பி வரவில்லை. அந்தக் காகிதம் அப்போதும் கதவில்தான் இருந்தது.

இன்றும் என்னை வருத்துவது, தாமதித்ததால் எனக்கு ஒரு வெள்ளிகூட மிச்சமாகவில்லை என்பதே. ஒற்றைப் பயணக் காப்புறுதியின் சந்தா பொதுவாகச் செல்லும் இடம், நாள்களின் எண்ணிக்கை, வயது ஆகியவற்றைப் பொறுத்தது. மூன்று மாதம் முன்பே வாங்கினாலும் அதற்காகக் கூடுதலாகக் கேட்பதில்லை. ஆனால் பயணத்தை ரத்து செய்வதற்கான பாதுகாப்பு வாங்கிய பிறகே தொடங்குகிறது. ஆகவே முன்பணம் கட்டும் அன்றே வாங்குபவருக்கு அதே விலையில் பல மாதப் பாதுகாப்பு கூடுதலாகக் கிடைக்கிறது.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரணத் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவை ஏற்பதில்லை. அதை ஏற்கும் திட்டங்கள் சிங்கப்பூரில் விற்கப்படுகின்றன, சந்தா அதிகம், ஆயினும் நம் வயதில் அதைத்தான் வாங்க வேண்டும். சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சையை ஏற்பதில்லை. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் உள்ள பணத்தையும், அனுமதி பெற்ற சில மலேசிய மருத்துவமனைகளைத் தவிர, வெளிநாட்டில் பயன்படுத்த முடியாது. பலதுறை மருந்தகத்தில் சலுகைக் கட்டணம் செலுத்திப் பழகிய நமக்கு, கப்பல் மருத்துவரின் கட்டணம் தனியார் விலையில் வந்து அறைக் கணக்கில் ஏறும்போது அதிர்ச்சியாக இருக்கும். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் அந்தச் செலவு ஓய்வுக்காலச் சேமிப்பையே குலைத்துவிடும். இப்படி அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் செலவுக்குக் காப்புறுதி தரும் உச்சவரம்பை எல்லாவற்றுக்கும் முன்பாகப் படியுங்கள்.

மாத வருமானத்திலிருந்து கட்ட நினைப்பது

மத்திய சேமநிதியின் லைஃப் திட்டம் ஓய்வுக்கால வருமானத்தை மாதந்தோறும் தருகிறது; கப்பல் நிறுவனமோ மீதித் தொகை முழுவதையும் ஒரே தேதியில் கேட்கிறது. இடைவெளியைக் கடன் அட்டையால் நிரப்பி, வட்டி கட்டி, அடுத்த ஆண்டுப் பயணத்தையே இழந்தவர்களை நான் அறிவேன். பயணத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்து, அதில் பணம் சேர்ந்த பிறகே முன்பதிவு செய்யுங்கள்.

கைப்பேசி

கப்பலேறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கைப்பேசி இணையும் கப்பலின் கட்டமைப்பு வழக்கமான ரோமிங் திட்டத்தில் பொதுவாக அடங்காது.

அட்டை

வெளிநாட்டுக் கடையில் சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால், அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.