வளர்ச்சி வீதம் தரும் கருவிக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலிருந்து பல்கலைக்கழகம் போய்வரும் தங்கை ஒருவர், இறுதி ஆண்டு ஆய்வறிக்கைக்காக, நாடுகளின் பொருளாதார வளர்ச்சி வீதங்களை எடுத்துத் தரும் எங்கள் தரவுக் கருவியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, 2022இல் இலங்கைப் பொருளாதாரம் 7.3 சதவீதம் சுருங்கியது என்று உங்கள் கருவி காட்டுகிறது. எங்கள் விரிவுரையாளர் 7.8 என்கிறார். நான் எதை எழுதட்டும்?”

இரண்டும் சரியான எண்கள்தான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023 மார்ச்சில் முதலில் வெளியிட்டது 7.8. பிற்பாடு விவரங்கள் நிறைவாக வந்து சேர்ந்ததும் அதே திணைக்களம் அதை 7.3 என்று திருத்தியது. கருவியில் பிழை இல்லை, விரிவுரையாளரிடமும் இல்லை. பிழை நான் எழுதிய பயன்பாட்டுக் குறிப்பில் இருந்தது. எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளையை இடுவது, எந்த நாட்டுக்கு என்ன குறியீடு என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தேன். கையில் வந்து சேரும் எண் எதை அளக்கிறது, எந்த நாளில் எடுத்தது என்பதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இத்தகைய கருவிகளுக்குக் குறிப்பு எழுதும் பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இலங்கையின் 2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது அந்த ஆண்டின் விலைகளை அளவுகோலாகக் கொண்ட கணக்கில் அது 3.6 சதவீதச் சுருக்கம். அடிப்படை ஆண்டு 2015க்கு மாறிய பிறகு அதே ஆண்டு 4.6 ஆனது. நடந்து முடிந்த ஓர் ஆண்டின் எண் இவ்வளவு நகரும் என்று தெரியாத ஒருவர், கருவி பழுதடைந்துவிட்டது என்றுதான் நினைப்பார். எனவே மூலம், அடிப்படை ஆண்டு, தரவு எடுத்த திகதி ஆகிய மூன்றும் ஒவ்வோர் அட்டவணையோடும் வர வேண்டும். குறிப்பில் நீங்கள் காட்டும் மாதிரி வெளியீட்டுக்கும் திகதி இடுங்கள். ஒரு முறை எடுத்த தரவைக் கருவி கணினியிலேயே சேமித்து வைக்குமானால், எத்தனை நாளுக்கு வைத்திருக்கும், எப்படிப் புதுப்பிப்பது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, ‘வளர்ச்சி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது. மறுபடியும் 2022க்கே வருகிறேன். நடைமுறை விலையில், அதாவது அந்தந்த ஆண்டின் விலையிலேயே பார்த்தால் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 17 ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டிய நிலையிலிருந்து 24 ட்ரில்லியன் அளவுக்கு ஒரே ஆண்டில் ஏறியது. அந்த ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஏறியது விலை, உற்பத்தி இறங்கியது. எரிவாயு சிலிண்டருக்கு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற மக்களின் ஆண்டைப் பெருவளர்ச்சி ஆண்டாகக் காட்டும் ஒரு வரைபடம், அட்டவணையில் தவறான நிரலைத் தெரிவுசெய்வதால் மட்டுமே உருவாகிவிடும். எந்த நிரல் நடைமுறை விலை, எது நிலையான விலை என்று குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழில் எழுதும்போது இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. நிலையான விலையில் கணித்ததை ‘உண்மை வளர்ச்சி’ என்று எழுதினால், மற்றது பொய்யா என்று வாசகர் கேட்பார். கேட்பது நியாயமே. முதல் முறை சொல்லும்போது ‘விலையேற்றத்தை நீக்கிக் கணித்த வளர்ச்சி’ என்று விரித்து எழுதுங்கள். பிறகு எந்தக் கலைச்சொல்லை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

காலாண்டுத் தரவிலும் இதே கவனம் தேவை. இலங்கையில் ஒரு காலாண்டை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டு வீதம் சொல்கிறார்கள். அமெரிக்காவில் செய்தித் தலைப்புகளில் எண்ணாக வருவது, முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு, அதே வேகம் ஓர் ஆண்டு நீடித்தால் என்ன ஆகும் என்று பெருக்கிய வீதம். 2020 இரண்டாம் காலாண்டுக்கு அங்கே முதல் மதிப்பீடாக வந்த 32.9 சதவீத வீழ்ச்சி அப்படிப்பட்டது. அந்தக் காலாண்டில் உற்பத்தியில் உண்மையில் ஏற்பட்ட வீழ்ச்சி பத்து சதவீதத்துக்கும் கீழேதான். இரண்டு நாடுகளையும் ஒரே வரைபடத்தில் போடக் கருவி இடம் கொடுக்குமானால், எச்சரிக்கை அந்தக் கட்டளையின் விளக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்னிணைப்பில் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆண்டு என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. இலங்கைக்கு அது ஜனவரி முதல் டிசெம்பர் வரை. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. உலக வங்கித் தரவில் 2023-24 என்பது 2023 என்றே பதிவாகும்.

உலக வங்கியின் ஏபிஐ (ஒரு மென்பொருள் நேரடியாகத் தரவு கேட்டுப் பெறும் இணைய வழி) வழியாகத் தரவு எடுக்கும் கருவி என்றால், அதன் இரண்டு பழக்கங்களைக் குறிப்பில் எழுதாமல் விடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு இத்தனை பதிவுகள் என்று நீங்கள் கேட்காவிட்டால் அது ஐம்பதுதான் தரும். 1960 முதல் வேண்டும் என்று கேட்டவருக்குப் புதிய ஐம்பது ஆண்டுகள் வந்துவிடும். பழைய ஆண்டுகள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். இல்லாத நாட்டுக் குறியீட்டைக் கொடுத்தாலும், எல்லாம் சரி என்பதற்கான 200 என்ற பதிலே வரும். பிழைச் செய்தி உள்ளே பொதிந்திருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து வெற்றி என்று முடிவுசெய்யும் கருவி, வெற்று அட்டவணையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். நாடுகளின் பட்டியலில் ‘தெற்காசியா’, ‘உலகம்’ போன்ற தொகுப்புகளும் கலந்தே வரும். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் கணக்கு கெட்டுவிடும்.

இல்லாத தரவைப் பூச்சியமாக்குவதுதான் இவற்றில் என்னை மிகவும் வருத்துவது. ஆப்கானிஸ்தானுக்கு 1980களிலும் 90களிலும் பல ஆண்டுகளின் இடம் வெறுமையாக இருக்கிறது. யாரோ ஒருவர் வசதிக்காக அங்கெல்லாம் பூச்சியம் நிரப்பினால், போர் நடந்த காலத்தில் அந்நாட்டின் பொருளாதாரம் ஏறவுமில்லை இறங்கவுமில்லை என்று வரைபடம் நேர்கோடு போடும். அளக்க முடியாமல் போனது வேறு; அளந்து பூச்சியம் என்று கண்டது வேறு. கருவி வெற்றிடத்தை எப்படிக் காட்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.

கழித்தல் குறியிலும் கை தவறும். ‘வளர்ச்சி -7.3’ என்று எழுதினால் பலர் அதை வெறும் இடைக்கோடாகப் படித்துவிட்டு 7.3 வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘-7.3 சதவீத வீழ்ச்சி’ என்று எழுதினால் இரண்டு எதிர்மறை ஆகிவிடுகிறது. வாக்கியத்தில் ‘7.3 சதவீதம் சுருங்கியது’ என்று எழுதுங்கள். குறியை அட்டவணைக்கு விட்டுவிடுங்கள். அச்சுக்கு அழகாக இருக்கட்டும் என்று அட்டவணையில் நீண்ட கோட்டைப் போட்டால், அதை எக்செலில் ஒட்டுகிறவருக்கு அது எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும்.

திருத்திய குறிப்பை அந்தத் தங்கையிடமே கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் கட்டளையிலேயே நின்றுவிட்டார். இலங்கைக்கான மூன்றெழுத்துக் குறியீடு எல்கேஏ என்று பட்டியலில் இருந்தது. மாதிரிக் கட்டளையில் நான் எஸ்ஆர்ஐ என்று தட்டியிருந்தேன். கருவி 200 என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெற்று அட்டவணையைக் காட்டியது. அன்றிரவே அந்த வரியைத் திருத்தினேன். பிழைச் செய்தியைப் பயனருக்குக் காட்டும் மாற்றம் அடுத்த வாரம் கருவியில் சேர்ந்தது.